ஊசியைத் துரத்தாதே!

தாம்பரம், சேலையூர்ப் பக்கம் பத்து வருஷம் குடியிருந்தால் ஒரு பழக்கம் தானாகத் தொற்றிக்கொள்ளும். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். தலைக்கு மேலே விமானம் கடந்து போகும். சத்தம் தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே வாக்கியத்தைத் தொடருவார். வெளியூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார், 'ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது' என்று மிரண்டுபோவார்கள். மனஸ்தாபமெல்லாம் இல்லை ஸார், ஏர்ஃபோர்ஸ்!

அந்த விமானங்களைப் பற்றி ஒரு விஷயம் எங்கள் ஏரியாக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பது 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்'. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் இங்கே குடிவந்த பள்ளி. ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் இங்கே வந்து, அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று படிக்கிறார்கள். வாத்தியார்களை உருவாக்குகிற பள்ளிக்கூடம்.

அதில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். தெருவுக்கே அவர் 'விங் கமாண்டர் ஸார்'. காலையில் அவர் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது நம் வீட்டுக் கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

நான் ரயில்காரன். பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் மோட்டார்மேனாக இருந்து ரிடயர் ஆனவன். 1931-ல் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்த லைன் அது. மீட்டர் கேஜிலும் ஓட்டினேன், பிராட் கேஜிலும் ஓட்டினேன். தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் போதும் என்கிற நிம்மதியான உத்தியோகம். எனக்குப் பிறந்த பெண், தண்டவாளமே இல்லாத இடத்தில்தான் ஓட்டுவேன் என்று கிளம்பிவிட்டாள்.

பைலட் படிப்புச் செலவு இன்றைக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. என் கிராஜுவிட்டி, பாங்க் கடன், கூடுவாஞ்சேரியில் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டு... எல்லாம் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்ட உறவினரிடம், விமானிகளில் பெண்களின் பங்கு உலக சராசரியைவிட நம் நாட்டில் அதிகம் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப வேலைக்குப் போட்டி ஜாஸ்தியா இருக்குமே?" என்றார். அவரை ஜெயிக்க முடியாது.

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' என்று ஒன்று. வெளியே எதுவுமே தெரியாத மேகத்துக்குள், முன்னால் இருக்கிற கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டி, ஓடுபாதை வாசல் வரை இறங்கி வருகிற வித்தை. பழகும்போது தலையில் ஒரு மறைப்பு மாட்டிவிடுவார்கள். ஜட்கா குதிரைக்குக் கண்ணோரத்தில் தோல்பட்டை கட்டுவார்களே, அது மாதிரி. மாணவருக்குக் கருவிகள் மட்டும் தெரியும். பக்கத்து ஸீட்டில் இன்ஸ்ட்ரக்டர் வெளியே பார்த்துக் காவல் காத்துக்கொண்டு வருவார்.

என் பெண் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். வெளி மாநிலத்தில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அம்மா காதல் விவகாரமோ என்று கவலைப்பட்டாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. இன்ஸ்ட்ரக்டர் ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'ஊசியைத் துரத்துகிறார்.' டெஸ்ட்டுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. தவறினால் மறுபடி பயிற்சி, மறுபடி பணம். விற்பதற்குக் கூடுவாஞ்சேரியில் இன்னொரு அரை கிரவுண்டு கிடையாது.

கூடத்தில் கம்ப்யூட்டரையும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் வைத்துக்கொண்டு, மீனம்பாக்கம் ஓடுபாதையில் இறங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து வந்தால் அதற்குப் பெயர் 07. கடல் பக்கமிருந்து வந்தால், அதே ஓடுபாதைக்குப் பெயர் 25. திசைமானியில் அது காட்டும் 70 டிகிரி, 250 டிகிரியின் சுருக்கம்தான் அந்த எண்.

நான் விங் கமாண்டர் ஸாரைக் கையோடு கூட்டிவந்தேன். காபியை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரம் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கருவியில் இரண்டு ஊசிகள். நிற்கிற ஊசி, ஓடுபாதைக்கு நேரே வருகிறோமா என்று சொல்லும். படுத்திருக்கிற ஊசி, இறங்கும் சரிவு சரியா என்று சொல்லும். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று வெட்டினால் எல்லாம் சௌக்கியம். இதற்குப் பெயர் ஐ.எல்.எஸ். ஓடுபாதையின் கோடியிலிருந்து ரேடியோ அலை அனுப்புகிறார்கள். இறங்கி வருபவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும், வலப்பக்கம் 150 ஹெர்ட்ஸ். மாப்பிள்ளை அழைப்பில் இடது பக்கம் நாதஸ்வரமும் வலது பக்கம் தவிலும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாகக் கேட்டால் நீங்கள் நடுரோட்டில் வருகிறீர்கள். தவில் காதைப் பிளந்தால் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள்.

ஊசி இடது பக்கம் போனது. என் பெண் பதறி இடது பக்கம் திருப்பினாள். ஊசி நடுவைத் தாண்டி வலது பக்கம் ஓடியது. அவளும் ஓடினாள். திரையில் அந்த விமானம், சனிக்கிழமை ராத்திரி டாஸ்மாக்கிலிருந்து திரும்புகிற சைக்கிள் மாதிரி வந்துகொண்டிருந்தது.

விங் கமாண்டர் ஸார் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா, ஊசி எங்கே இருக்குன்னு பார்க்காதே. எந்தப் பக்கம் நகருது, எவ்வளவு வேகமா நகருதுன்னு பாரு. அது நின்னா, உன் திசை சரி. அப்புறம் அஞ்சே டிகிரி திருப்பு. காத்திரு. கிட்டே வந்துட்டா ரெண்டு டிகிரி போதும்."

காரணத்தையும் சொன்னார். அந்த ரேடியோ பாதை புனல் மாதிரி. பத்து கடல் மைல் தூரத்தில் ஊசி ஓரத்துக்குப் போனால், நாம் சுமார் 800 மீட்டர் விலகியிருக்கிறோம். ஓடுபாதை வாசலில் அதே ஊசி அதே ஓரத்துக்குப் போனால், விலகல் 100 மீட்டர் சொச்சம்தான். கிட்டே வர வர ஊசிக்குச் சுறுசுறுப்பு ஏறும். அதோடு சேர்ந்து நம் கையும் சுறுசுறுப்பானால் போச்சு.

"அங்கிள், சாஞ்சிருக்கேன்னு உடம்பு சொல்லுது. இல்லேன்னு கருவி சொல்லுது. எதை நம்பறது?"

"சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருக்கியா? நின்னப்புறமும் உலகம் சுத்துமே? உன் காதுக்குள்ளே இருக்கிற தண்ணி செய்யற வேலை அது. மேகத்துக்குள்ளேயும் அதே பொய்யைத்தான் சொல்லும்."

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை, வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை! குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வருவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். அதற்குப் பல வருஷம் முன்பே, 1929 செப்டம்பர் 24-ல் ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்கர், மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து கருவிகளை மட்டும் பார்த்தே கிளம்பி, வட்டமடித்து, தரையும் இறங்கிக் காட்டிவிட்டார். இரண்டு பக்கமும் மனிதர்கள்தான். வித்தியாசம், எதை நம்பினார்கள் என்பதில்தான்.

அடுத்த நாலைந்து சாயங்காலமும் பாடம் நடந்தது. முதலில் என்ஜின் பவரையும் மூக்கின் சாய்வையும் தெரிந்த அளவில் வைத்துவிட வேண்டும். வேகத்தை ஐந்தால் பெருக்கு: 90 நாட் வேகத்துக்கு நிமிஷத்துக்கு 450 அடி இறக்கம். 3 டிகிரி சரிவு தானாக அமையும். டிரிம்மைச் சரிசெய்தால் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்த கை நடுங்கத்தான் செய்யும். கண் எந்தக் கருவிக்குப் போனாலும், நடுவில் இருக்கிற செயற்கைத் தொடுவானத்துக்குத் திரும்பி வந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டும். "பழைய காலத்து வீடு மாதிரி பாப்பா. எந்த ரூமுக்குப் போறதா இருந்தாலும் கூடத்து வழியாத்தான் போகணும்."

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஸார், நீங்க தாம்பரத்துல வண்டியை எப்படி நிறுத்துவீங்க?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. "சானடோரியம் தாண்டினதுமே மனசுல நிறுத்திடுவேன் ஸார். ஒரே தடவை பிரேக் வைப்பேன். வேகம் குறையக் குறைய, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வருவேன். கடைசி நிமிஷத்துல போட்டு, எடுத்து, போட்டு விளையாடினா, உள்ளே நிக்கறவங்க கூடைக்காரம்மா மேலே விழுவாங்க. நல்லா நிறுத்தினா, நின்னதே தெரியாது. யாரும் பாராட்டவும் மாட்டாங்க."

"கேட்டியா பாப்பா? உங்கப்பா சொன்னதுதான் மொத்தப் பாடமும். ஆனா ஸார், உங்களுக்கு இல்லாத ஒரு வசதி இவளுக்கு இருக்கு. போர்டைத் தாண்டிட்டா நீங்க என்ன பண்ண முடியும்? இவ மேலே போயிடலாம். ஆயிரம் அடிக்குள்ளே எல்லாம் ஒழுங்கா அமையலியா, யோசிக்கவே கூடாது. மேலே போயிடணும்!"

பலகாரத் தட்டோடு வந்த என் மனைவிக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. "விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, விங் கமாண்டர் ஸார் குரலைத் தாழ்த்தி மங்களூரை நினைவுபடுத்தினார். 2010 மே 22. இறக்கம் சரியாக அமையவில்லை. துணை விமானி, மேலே போய்விடலாம் என்று ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறார். கேப்டன் இறக்கினார். 158 பேர் போய்விட்டார்கள். பிழைத்தது எட்டே பேர். "இதை விட்டுடலாம்னு முடிவெடுக்கத் தெரியாதவன் கையிலே எந்த ஊசியும் உதவாது" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தத் தடவை மேலே விமானம் எதுவும் போகவில்லை.

இது பைலட் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். 2018 போகியன்று காலையில் நாம் எரித்த பழைய பாயும் டயரும் பனியோடு சேர்ந்து மீனம்பாக்கத்தை மூடிவிட்டன. வந்த விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. சாதாரண ஐ.எல்.எஸ். இறக்கத்தில் 200 அடி உயரம் வரைதான் ஊசியை நம்பி வரலாம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். படவில்லையென்றால் மேலே போக வேண்டியதுதான். நம் வாசலில் எரிகிற டயருக்கும் அந்த 200 அடிக்கும் சம்பந்தம் இருக்கிறது. அடுத்த போகிக்கு எங்கள் வீட்டுப் பழைய பாய் கிழிந்தபடி பரணிலேயே இருக்கும்.

லீவு முடிந்து பெண் கிளம்பிப் போனாள். டெஸ்ட் அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, ரெண்டு அப்ரோச் பண்ணச் சொன்னாங்க. முதல்ல வேகம் சரியா அமையலை. ஊசியும் நகர்ந்துகிட்டே இருந்தது. ஒட்ட வெச்சு இறக்கியிருக்கலாம்ப்பா, ஆனா..."

"ஆனா?"

"மேலே போயிட்டேன்."

என் வயிற்றில் அரை கிரவுண்டு கரைந்தது. "அப்புறம்?"

"சுத்தி வந்து ரெண்டாவது தடவை இறங்கினேன். ரெண்டு ஊசியும் கோலப் புள்ளி மேலே வெச்ச மாதிரி நின்னுது. பாஸ் போட்டுட்டார்ப்பா! ரெண்டாவது நல்லா இருந்துச்சு, ஆனா முதல்லே எடுத்த முடிவுதான் எனக்குப் பிடிச்சதுன்னு சொன்னார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"எல்லாம் சரிடி. ஆனா நம்ம சொந்தக்காரங்க யாருக்காவது போன் பண்றப்போ, மேலே போயிட்டேன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. மாலையோட வந்து நிப்பாங்க!"