ஒரு மூடி மண்ணெண்ணெய்

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. "என்னெண்டம்மா படிக்கிறது?" என்று மகள் கொப்பியும் கையுமாக வந்து நின்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் கை குசினித் தட்டில் வெறும் ஜாம் போத்தல் ஒன்றைத் தேட ஆரம்பித்திருந்தது. பல வருசமாகச் செய்யாத வேலை. ஆனாலும் விரல்கள் மறக்கவில்லை.

போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் நூல்திரியைச் செருகி, வளைத்த கம்பியில் மாட்டிப் போத்தலுக்குள் இறக்கிவிட வேண்டும். கண்ணாடி காற்றை மறைக்கும். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லத் திரிக்குக் கொடுக்கும். சுண்டுவிரல் நுனியளவு சுடர்தான். அந்தச் சுடரில்தான் எங்கள் தலைமுறை படித்தது.

1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போயிற்று. எனக்கு 11 வயது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, மண்ணெண்ணெய் ஆனைவிலை குதிரைவிலை. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார் எங்கள் பக்கத்து வீட்டு விறாந்தையில் தன் தாயோடு குடியிருந்தார். ஒரு ரங்குப்பெட்டி, இரண்டு பாய், ஒரு சைக்கிள். அவருடைய உடைமை அவ்வளவுதான். வந்து ஒரு கிழமைக்குள் அந்த விறாந்தையில் பின்னேர வகுப்புத் தொடங்கிவிட்டது.

காசு வாங்கமாட்டார். வசதியுள்ள பிள்ளைகள் வரும்போது ஒரு போத்தல் மூடி மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். அதுதான் கட்டணம். ஒவ்வொருவராக வந்து மூடியைச் சரித்து விளக்கில் ஊற்றிவிட்டு இருப்போம். தகப்பனை இழந்த ஒரு பெடியன் எங்களோடு படித்தான். தாய் மா இடிக்கப் போவாள். அவன் ஒருநாளும் மூடி கொண்டுவந்ததில்லை. அந்தக் கூச்சத்தில் விறாந்தைத் தூணுக்கு அப்பால், எழுத்துத் தெரியாத இருட்டில் போய் இருப்பான். ஒருநாள் வாத்தியார் அவனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து விளக்கடியில் இருத்தினார்.

"மூடி கொண்டாறவைக்கு வீட்டிலை வெளிச்சம் கிடக்கு. இவனுக்கு இஞ்சை மட்டுந்தான் வெளிச்சம். இவன் கிட்ட இருக்கட்டும்."

எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இடம் அவனுடையது. அவன் கொப்பியில் விழுந்த வெளிச்சத்தின் ஓரத்தில்தான் நாங்கள் எழுதினோம்.

பகலில் பள்ளிக்கூடம் இரண்டு நேரமாக நடந்தது. காலையில் எங்கள் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம். முற்றத்தில் 'ட' வடிவில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தார்கள். பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் சின்னப் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டுத்தான் பெரிய வகுப்பு இறங்கும். 1995 புரட்டாதியில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்த செய்தி வந்த கிழமை, எங்கள் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகக் கிடந்தது. வாத்தியார் வீடு வீடாகப் போய், "பிள்ளையளை விடமாட்டியளோ?" என்று தாய்மாரிடம் கேட்டுக்கொண்டு நின்றார். அவரே பயந்திருந்தது கண்ணில் தெரிந்தது. என்றாலும் கேட்டார்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு, வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்ததும் வலிகாமமே கிளம்பியது. லட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பக்கம் போகும் ஒரே தெரு. மழை. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தார்கள். அந்த நெரிசலில் வாத்தியாரைக் கண்டேன். சைக்கிள் கரியரில் தாயை இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கே போகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளை, கொப்பியள் எடுத்தனியோ?"

உரப்பையைத் தூக்கிக் காட்டினேன். தலையசைத்தார். கூட்டம் எங்களைப் பிரித்தது. அதற்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பங்களோடு தங்கினோம். கரும்பலகையில் யாரோ எழுதிய பாதிக் கணக்கு அழியாமல் இருந்தது. அதன் கீழே அடுப்பு மூட்டினோம். பள்ளிக்கூடம் அகதி முகாமானால் பிள்ளைக்கு இருக்க இடம் கிடைக்கிறது, படிக்க இடம் போய்விடுகிறது. பிறகு கிளாலிக் கடலைத் தாண்டிக் கிளிநொச்சி. 1996இல் கிளிநொச்சியும் பெயர்ந்தது. கந்தபுரத்தில் மரத்தடியில் உயர்தரம் படித்தேன். வெயில் நகர நகர வகுப்பும் மரத்தைச் சுற்றி நகரும்.

படித்து முடித்ததும் அங்கேயே தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். வன்னியில் என்னைப்போல் எத்தனையோ பேர். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிடுகுக் கொட்டில், பலகையை முளையில் அறைந்த வாங்கு. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். வெறுவயிறு. தாய்மார் முறை வைத்து இலைக்கஞ்சி காய்ச்சத் தொடங்கிய பிறகு வரவு கூடியது. சுவர் இருந்ததோ இல்லையோ, கஞ்சிப் பானை இருந்த நாளில் பிள்ளை வந்தது. இதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்கவில்லை.

2009இல், இறுதிப் போருக்குப் பிறகு, செட்டிகுளம் முகாம். கூடாரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகையில் வகுப்பு. அங்கே வந்த பிள்ளைகளிடம் கொப்பி எடுத்தாயா என்று என்னால் கேட்க முடியவில்லை. பல பிள்ளைகள் தாய் தகப்பனையே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதல் இரண்டு கிழமை பாடம் நடத்தவில்லை. பெயரைக் கூப்பிட்டோம், பக்கத்தில் இருந்தோம், பாட்டுப் படித்தோம். ஒருநாள் ஒரு சிறுமி தானாக வந்து, "ரீச்சர், கணக்குச் சொல்லித் தாங்கோ" என்றாள். எனக்கு அந்த விறாந்தை ஞாபகம் வந்தது.

இப்போது கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பதினைந்து பிள்ளைகள். மின்விளக்கு எரிகிறது. வெளிநாட்டில் உள்ள உறவுகள் தொலைபேசியில் கேட்பார்கள், "பிள்ளையளுக்கு என்ன அனுப்ப?" புத்தகப்பை, சப்பாத்து, கணினி எல்லாம் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்கிறேன், மனமாரச் சொல்கிறேன். ஆனால் பை கொடுத்த அன்றைக்கு எடுத்த படத்தில் சிரிக்கிற பிள்ளை, மூன்றாம் மாதம் கூலிவேலைக்குப் போய்விடுகிறது. நுண்கடன் தவணைக்கு அந்தக் கூலி வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவை, அது வராத நாளில் வீட்டுப் படலையில் போய் நின்று கேட்கும் ஓர் ஆள். ஒரு நாளைக்கல்ல, பத்து வருசத்துக்கு. பெரிய தொகை வேண்டாம், மாதம் தவறாத சிறு தொகையும் தவறாத ஒரு மனிதரும் போதும். என்னைப் படிப்பித்தவர் அகதி. விளக்கை எரித்தவை போத்தல் மூடிகள்.

நேற்று ஒரு பெடியன் பிந்தி வந்தான். காலில் வயல்சேறு. வாசல் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான். நான் எழும்பிப் போய் அவன் கையைப் பிடித்தேன்.

"இஞ்சை வா ராசா. லைற்றுக்குக் கிட்ட இரு."