கேமரன் மலைப் பாதையில் ஒரு பாடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்குப் போய் வருவது நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் வழக்கம். வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவோம், இரவுக்குள் திரும்பிவிடுவோம். சென்ற ஆண்டு நானும் என் குடும்பத்தாரும் அதே மலைக்குத்தான் போனோம். ஆனால் இம்முறை எங்கள் வண்டியே எங்களுக்கு வீடாகவும் இருந்தது. அந்த வண்டியால் நான் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மைத்துனர் பட்டணத்தில் இருக்கிறார். பழைய வண்டிகள் மீது அவருக்குத் தீராத ஆசை. 1974ஆம் ஆண்டில் செய்த வோக்ஸ்வேகன் கொம்பி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். உள்ளே மடித்தால் நாற்காலி, விரித்தால் கட்டில். ஒரு மூலையில் சிறிய எரிவாயு அடுப்பு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. பென் போன் என்ற டச்சு வணிகர் 1947ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டில் கோடு போட்டுக் காட்டிய வடிவம்தான் 1950இல் கொம்பியாக உருப்பெற்றது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் அதற்குள் கட்டிலும் அலமாரியும் வைத்து நடமாடும் வீடாக்கிவிட்டார்கள். மைத்துனர் அந்த வண்டியை இரண்டு மாதம் என்னிடம் விட்டுவைத்திருந்தார். “மச்சான், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போய்ட்டு வாங்க” என்று அவர் சொன்னதும் வீட்டில் ஒரே குதூகலம்.

தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையை நீங்கள் அறிவீர்கள். தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த மலைநாடு இது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய மலைக்கு மோட்டார் சாலை வந்து சேர 1930களின் தொடக்கம் ஆயிற்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். லாத்தா இஸ்கந்தர் அருவியில் முகம் கழுவினோம். பூர்வகுடி மக்கள் மூங்கில் கொட்டகைகளில் தொங்கவிட்டிருந்த பெத்தாயில் இரண்டு கட்டு வாங்கினோம். பிறகு வளைவுகள் தொடர்ந்து வரத் தொடங்கின.

ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“என்னங்க, அது என்ன சத்தம்?” என்றாள் மனைவி.

“பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. இரண்டு மாதமாகவே ஸ்டியரிங் சற்று ஆடிக்கொண்டிருந்தது. முதல் வாரம் பயந்தேன். இரண்டாம் வாரம் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்தேன். அதன் பிறகு என் கை அந்த ஆட்டத்துக்குப் பழகிவிட்டது. மாணவர் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையால் சுழிக்கின்ற நான், என் கைக்குக் கீழே இருந்த பிழையை இரண்டு மாதம் திருத்தாமல் விட்டிருந்தேன்.

ரிங்லெட்டை அடைந்ததும் தேநீர் குடிக்க இறங்கினோம். திரும்பி வந்து, கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் ஏறினேன். கடை வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். “வாத்தியாரே, கொஞ்சம் எறங்குங்க” என்றார். நான் ஆசிரியர் என்பதை அதற்குள் என் மகள் கடையில் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்! அவர் கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கை மேலும் கீழும் அசைத்தார். வட்டம் மட்டுமல்ல, அதைத் தாங்கும் குழாயே சேர்ந்து ஆடியது.

“ஏறும்போது ஒண்ணும் தெரியாதுங்க. எறங்கும்போதுதான் இது வேலையக் காட்டும். பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இப்படியே போகாதீங்க” என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டப் பட்டறையில் பிட்டராக வேலை செய்தவர் அவர். விடியலில் ஆட்களை ஏற்றும் முன்பு ஒவ்வொரு லோரியின் ஸ்டியரிங்கையும் கையால் ஆட்டிப் பார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்றாம். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகைக்கு வண்டியை மெல்ல ஓட்டிச் சென்றோம். அவர் செய்ததை உங்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டியரிங் லூஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு வகை உண்டு. வட்டத்தை இடமும் வலமும் லேசாகத் திருப்பும்போது சக்கரம் அசையாமல் வட்டம் மட்டும் அசைந்தால், கோளாறு கீழே கியர்ப் பெட்டியிலோ இணைப்புகளிலோ இருக்கும். மேலும் கீழும் இழுக்கும்போது வட்டம் ஆடினால், கோளாறு தண்டைத் தாங்கும் இடத்தில் இருக்கும். கொம்பியில் ஓட்டுநர் முன்சக்கரங்களின் மேலேயே உட்காருகிறார். ஆகையால் ஸ்டியரிங் தண்டு ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. நாம் சாய்ந்து இழுக்கும் இழுப்பெல்லாம் அதைத் தாங்கும் போல்ட்டுகளின் மேல்தான் விழும்.

பெரியவர் முதலில் பேட்டரிக் கம்பியைக் கழற்றினார். வட்டத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து வெள்ளைக் கோடு ஒன்று போட்டார். திரும்ப மாட்டும்போது கோணாமல் இருப்பதற்காக. பிறகு நடுவில் உள்ள பெரிய நட்டைக் கழற்றி வட்டத்தை எடுத்தார். தண்டின் மேல்பக்கத்து பேரிங் தேய்ந்து போயிருந்தது. அந்த இடைவெளியில் என்ன இருந்தது தெரியுமா? சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு! என்றோ, எங்கோ, யாரோ ஒருவர் ஆட்டம் தெரியாமலிருக்கச் சுற்றி வைத்த வேலை.

டேஷ்போர்டுக்கு அடியில் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது. மற்றொன்று துளைக்குப் பொருந்தாத மெல்லிய போல்ட்டு. தண்டையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் வட்டும் விளிம்பில் வெடித்திருந்தது.

“வெல்டிங் வச்சு இறுக்கிவிட்டால் போதாதா ஐயா? நாளைக்கே கிளம்பிவிடலாமே” என்றேன்.

“கழட்ட வேண்டியத ஒட்டவைக்கக் கூடாதுங்க. சரியான சாமான் வரட்டும்” என்று மறுத்துவிட்டார்.

மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோலாலம்பூரில் தேடிப் பிடித்து, பேரிங்கும் ரப்பர் வட்டும் பேருந்தில் அனுப்பிவைத்தார். அவை கைக்கு வர இரண்டு நாள் ஆயின.

அந்த இரண்டு நாளும் ரிங்லெட் எங்கள் ஊரானது. இரவில் கொம்பிக்குள் ஐந்து பேரும் ஒரே போர்வைக்குள் ஒண்டிக்கொண்டோம். காலையில் கண்ணாடியைத் துடைத்தால் வெளியே மூடுபனி. தானா ராத்தாவுக்கு விரையும் வண்டிகள் இந்தச் சிற்றூரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நாங்களும் முன்பு அப்படித்தான் போயிருக்கிறோம். பெரியவரின் மனைவி என் பிள்ளைகளைத் தேயிலைச் சரிவுக்கு அழைத்துப் போனார். இந்த மலையில் 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலையில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது. கையால் கொழுந்து கிள்ளிய காலம் போய், கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. சரிவுகளில் இன்று வங்காளதேசத்தாரையும் நேப்பாளியரையும் காண்கிறோம். “எங்க கூடை இன்னும் வீட்டுல இருக்கு” என்று அந்த அம்மாள் எடுத்துக் காட்டியபோது, என் மகள் அதை முதுகில் மாட்டிப் பார்த்துக்கொண்டாள். பால்மரத்தோடு வளர்ந்த என் தாயாரின் வாளியை நான் நினைத்துக்கொண்டேன்.

சாமான் வந்ததும் பெரியவர் அரை நாளில் வேலையை முடித்தார். அளவான புதிய போல்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர். ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கி, வட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்தார். ஏரிக்கரையோரம் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் ஸ்பானரை வைத்துச் சோதித்தார். கூலி கேட்டதற்கு நாற்பது வெள்ளி போதும் என்றார். கூடுதலாகக் கொடுத்ததை என் மகனின் சட்டைப்பையில் வைத்துவிட்டார். “நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவ இறுக்கிப் பாருங்க” என்பதே அவருடைய விடைமொழி.

இறங்கும்போது கியரைக் குறைத்துப் போட்டு நிதானமாக வந்தேன். முதல் வளைவு வந்தது, சத்தம் இல்லை. எதிரே காய்கறி லோரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பியது. இடப்பக்கம் பள்ளம். நான் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பியது. பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. பின்னால் மூன்று பிள்ளைகளும் பாடிக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கை மட்டும் வியர்த்துவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு இறங்கியிருந்தால்?

வாசகர்களே, கொம்பி நம்மில் பலரிடம் இல்லைதான். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள். நாம் பழைய காரில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகிறோம். வண்டியை நிறுத்திவைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆட்டம் தெரிந்தால் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கழற்றியதும் உள்ளே இருப்பதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

கோளாறு வண்டிக்கு வருவது இயற்கை. அதற்கு நம் கை பழகிப் போவதுதான் ஆபத்து. மேல்கூரை ஒழுகினாலும், படிக்கட்டு ஆடினாலும், ‘பழகிவிட்டது’ என்று சொல்லிச் சொல்லியே நாம் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம். தேரின் அச்சாணி சிறியதுதான். தேரில் இருப்பவர்களோ நம் பிள்ளைகள்.

அடுத்த விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ரிங்லெட்டிலும் சற்று நில்லுங்கள். ஒரு தேநீர் குடியுங்கள். கடை வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர் யாராவது உங்கள் வண்டியை உற்றுப் பார்த்தால், கோபப்படாமல் கீழே இறங்கி என்னவென்று கேளுங்கள்.