எங்கே போறது தம்பி?

மழை விடாத இரவுகளில் தலவாக்கலைத் தோட்டங்களில் எவரும் நன்றாக உறங்குவதில்லை. லயத்தின் பின்னால் மண் சரிகிறதா என்று காது விழித்தே இருக்கும். உறவினர் லயத்தில் தங்கியிருந்த அத்தகைய ஓர் இரவில், காத்தியா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதியர் என் நினைவுக்கு வந்தனர்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த இவ்விருவரும் 1970இல் மணந்தவர்கள். பிள்ளைகள் வேண்டாமென முடிவெடுத்து, எரிமலைகளை ஆராய்வதிலும் படம்பிடிப்பதிலுமே வாழ்வைக் கழித்தனர். 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ தெல் ரூயிஸ் வெடித்து, சேற்றுவெள்ளத்தில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். அபாய வரைபடம் முன்பே தயாராக இருந்தது. மக்களைத்தான் எவரும் வெளியேற்றவில்லை. ஆபத்தைக் கண்ணால் காட்டினால்தான் நம்புவார்கள் என்று கருதி, தம்பதியர் ஒரு விளக்கப்படம் தயாரித்தனர். 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ குமுறியபோது அது அங்கே திரையிடப்பட்டது. பல்லாயிரவர் வெளியேறி உயிர் தப்பினர். ஜூன் 15இல் மலை பெரிதாக வெடித்தது. அதற்கு 12 நாள்களுக்கு முன்னரே, ஜப்பானின் உன்சென் மலையில் எரிமேகம் இவர்கள் உள்ளிட்ட 43 பேரைக் கொன்றிருந்தது.

மலையகத்தில் எரிமலை இல்லை, மண்சரிவு உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் புதையுண்டன. அங்கும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைகள் சரிந்தன.

“எச்சரித்தால் போய்விட வேண்டியதுதானே அக்கா?” என்று அன்றிரவு கேட்டேன்.

“எங்கே போறது தம்பி?”

நாற்பது ஆண்டு செய்தி எழுதிய எனக்குப் பதில் தெரியவில்லை. படம் காட்டினால் மனிதன் நம்புவான். ஆனால், நடப்பதற்கு அவனுக்குச் சொந்தமாகச் சில பேர்ச் காணியேனும் வேண்டும்.