மாற்றி எழுதிய வாசிப்பு

இரசாயனவியல் செய்முறையின்போது நான் ஒரு பொய் எழுதினேன். என் அளவியில் வாசிப்பு 24.60. பக்கத்து மேசைகளில் எல்லோருக்கும் 23.20. டீச்சர் வருவதற்குள் அழித்துவிட்டு நானும் 23.20 என்று எழுதினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது.

அதே வாரம் உயிரியல் பாடத்தில் ஹன்டிங்டன் நோய் வந்தது. 1872இல் ஜோர்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் இதை விவரித்து எழுதினார். நான்காம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகின் பிழையே காரணம் என்று 1993இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் நடுத்தர வயதில் கைகால்கள் தாமாக அசையத் தொடங்கும். சிந்தனையும் குணமும் மாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் நிகழ்தகவு 1/2. பரீட்சையில் இது இலேசான கேள்வி. நோயுற்ற வாப்பாவைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்கு அது இலேசான எண்ணா?

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்று டீச்சர் சொன்னதும் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். எங்கள் உம்மம்மாவுக்கு முழங்கால் வீங்கினால் அழற்சியைத் தணிக்கும் குளிசை கொடுப்போம். மூளையிலும் அழற்சி உண்டாம். மூளையைக் காக்கும் மைக்ரோகிளியா என்ற கலங்கள் இந்நோயில் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. காவலுக்கு நிற்பவையே நரம்புக் கலங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். அவற்றை அமைதிப்படுத்தினால் நோய் தாமதமாகுமா என்பதுதான் ஆய்வாளரின் கேள்வி.

முழங்கால் குளிசை இதற்கு உதவாது. வேறு மருந்துகளைச் சோதித்தார்கள். மினோசைக்கிளின் கொடுத்த சுண்டெலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2000இல் செய்தி வந்தது. மனிதரிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு லக்குவினிமொட் என்ற மருந்து. 10 நாடுகளில் 352 நோயாளிகள் ஓராண்டு அந்தச் சோதனையில் பங்குபற்றினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் உறை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2018இல் முடிவு வந்தது. மூளையின் ஒரு பகுதி சுருங்குவது குறைந்திருந்தது. ஆனால் முக்கிய கேள்வியான உடல் அசைவில் முன்னேற்றம் இல்லை.

அந்த "இல்லை"யில்தான் நான் நின்றுவிட்டேன். எத்தனை வருட உழைப்பு, எத்தனை குடும்பங்களின் எதிர்பார்ப்பு! அந்த முடிவை ஒருவர் சற்றே மாற்றி எழுதியிருந்தால், பலன் தராத மருந்தை நம்பி நோயாளிகள் இருக்கும் நல்ல காலத்தையும் இழந்திருப்பார்கள். 352 பேர் தங்கள் ஓராண்டைக் கொடுத்துப் பெற்றது அந்த உண்மையைத்தான். அடுத்த ஆய்வு அதிலிருந்து தொடங்கும்.

நானோ இரண்டு புள்ளிக்காக ஓர் எண்ணை மாற்றினேன்.

மறுநாள் டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கை வியர்த்தது. அவர் ஏசவில்லை. "வாங்க மகள், திரும்பச் செய்து பார்ப்போம்" என்றார். அளவியின் நுனியில் ஒரு காற்றுக்குமிழி! அது வெளியேறிய இடத்தைக் கரைசல் நிரப்ப, வாசிப்பு கூடியிருக்கிறது. மாற்றி எழுதியபோது நான் மறைத்தது அந்தக் குமிழியைத்தான்.

புள்ளி குறைந்தது. ஒருநாள் ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை. இப்போது என் செய்முறைக் கொப்பியில் பேனையால்தான் வாசிப்புகளை எழுதுகிறேன்.