வரிசையை எழுதிவையுங்கள்

ஒரே கணினியில் ஓடும் இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ள மிக வேகமான வழி, இரண்டுக்கும் பொதுவான ஒரு துண்டு மெமரி. அனுப்பும் பக்கம் அதில் செய்தியை எழுதும். எழுதி முடித்ததும் 'தயார்' என்று ஒரு எண்ணை மாற்றும். வாங்கும் பக்கம் எண் மாறியதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கும். இப்படிப்பட்ட லைப்ரரிகளில் பக் தேடுவது என் தொழில். எனக்கு மிகவும் பிடித்த தொழிலும் அதுதான்.

செய்தி முதலில், எண் அடுத்தது: இந்த வரிசை எழுதியவர் மனதில் இருக்கும், கோடில் இருக்காது. இரண்டும் சாதாரண மாறிகள் என்றால், இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது கம்பைலருக்குத் தெரிய வழியில்லை. அது எழுதும் வரிசையை முன்பின்னாக மாற்றலாம். காத்திருக்கும் லூப்பில் எண்ணை ஒரே முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்த லூப் முடிவதே இல்லை. ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் புரோகிராம் தொங்க, 'கம்பைலர் பக்' என்று புகார் வரும். கம்பைலரிலும் பிழைகள் உண்டு. ஆனால் நான் முதலில் தேடுவது, நாம் சொல்லாமல் விட்டதை.

மாறிக்கு 'வோலடைல்' என்ற அடைமொழி போட்டால் லூப் சரியாகிவிடும்; நோய் போகாது. சுற்றியுள்ள சாதாரண மாறிகளில் எழுதும் வரிசையை அது காக்காது, ப்ராசஸரையும் கட்டுப்படுத்தாது. இன்டெல் ப்ராசஸர் தான் எழுதுவதை வரிசை மாறாமல் வெளியே காட்டும். ஆர்ம் ப்ராசஸர் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. இன்டெலில் ஆண்டுக்கணக்கில் ஓடிய கோட், ஆர்மில் பாதிச் செய்தியை நீட்டுவது இதனால்தான். ஒரு 'பிரின்ட்' சேர்த்தால் நேரம் நகர்ந்து பக் ஒளிந்துகொள்ளும். அது சரியாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

ஒரே ப்ராசஸுக்குள் மெமரியைப் பகிர்ந்து ஓடும் த்ரெட்டுகளுக்கும் இதே சிக்கல்தான். த்ரெட்டை லைப்ரரியாக மட்டும் தர முடியாது, மொழியே அதை அறிந்திருக்க வேண்டும் என்று கணினி அறிஞர் ஹான்ஸ் போம் 2005இல் வாதிட்டார். 2011இல் வந்த சி++ தரம் அதற்கான மெமரி விதிகளைத் தந்தது. எண்ணை, பலர் பகிர்வது என்று கம்பைலருக்குச் சொல்லும் அட்டாமிக் மாறியாக்கி, 'ரிலீஸ்' என்று எழுதி, 'அக்கொயர்' என்று படித்தால் வரிசை உறுதியாகிறது. இன்டெலில் இதற்குத் தனிக் கட்டளைகூடத் தேவையில்லை.

பக் தேட உதவும் த்ரெட் சானிட்டைசர் என்ற கருவி ஒரு ப்ராசஸுக்குள் நடக்கும் மோதலை மட்டுமே காணும். ஆகவே சோதனைக்கு மட்டும் இரு பக்கங்களையும் ஒரே ப்ராசஸில் இரண்டு த்ரெட்டுகளாக ஓட்டுகிறேன். பிறகு ஆர்மில் ஓட்டி, அசெம்பிளியையும் படிக்கிறேன்.

கடைசியாக, ஒவ்வொரு ரிலீஸுக்கும் மேலே அதன் ஜோடி அக்கொயர் எங்கே, எந்தத் தரவை அது காக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறேன். அந்த வரியை எழுத முடியாவிட்டால் பக் இன்னும் தீரவில்லை என்றுதான் கொள்வேன்.