வன்னியில் ஓர் இணைய வினைஞன்

மனிதன் கருவி செய்யும் விலங்கு என்பர். ஒருவனது கருவியை நோக்குமிடத்து அவனது வாழ்வையும் ஓரளவு ஊகித்தறியலாம். 1936ஆம் ஆண்டளவிற் காடு வெட்டிக் களனியாக்கத் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றங்களின் வீடுகளிலே, மண்வெட்டியும் கோடரியும் காட்டுக்கத்தியும் சுவரோரம் சார்த்தப்பட்டிருக்கும் காட்சி அந்த மண்ணின் வரலாற்றையே சுருங்கக் கூறுவதாகும். இன்று அத்தகைய வீடொன்றின் விறாந்தையில், மண்வெட்டிக்கு அருகே மடிக்கணினியொன்றும் இருக்கக் காணின் அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

அத்தகைய விறாந்தையொன்றிலேயே அவன் தொழில் செய்கிறான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்க்கும், கொழும்பிலுள்ள சிறு நிறுவனங்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது அவனது பிழைப்பு. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தோன்றி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிலே கற்றவன் அவன். தந்தை வயலுக்குப் புறப்படும் வேளையில் அவன் உறங்கச் செல்வான்; கடல்கடந்த வாடிக்கையாளரின் பகல் அவனுக்கு இரவாதலே காரணம்.

தன் தொழிற் கருவிகளைப் பற்றி அவன் ஓயாது சிந்திப்பவன். அவன் துறையிலே கருவிகள் பருவந்தோறும் மாறுவன. 2006இல் வெளிவந்த ஜேகுவெரியைக் கற்றவன் அதனோடு அமைதியுற முடியவில்லை. 2013இல் ரியாக்ட் வந்தது. அதன்பின் வந்தவை பல. நேற்றுக் கற்றது இன்று பழையது எனக் கழிக்கப்படும் இவ்வோட்டத்தில் அவனுக்கு அலுப்புத் தட்டுவதுண்டு. ஆயினும் ஒன்றை அவன் கண்டுகொண்டான். 1991இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடத்திலிருந்து ரிம் பேர்னேர்ஸ் லீ உலகுக்கு அறிவித்த முதல் வலைப்பக்கத்தை இன்றைய கைத்தொலைபேசியிலும் திறந்து படிக்கலாம். எளிய எழுத்து, சில குறிகள், பிற பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகள், அவ்வளவே. அதன்மீது கட்டப்பட்ட கோலங்கள் பல அழிந்தொழிந்தன, அடித்தளம் நிற்கிறது. அன்றியும், 1993இல் செர்ன் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தமையாலன்றோ, எவருக்கும் உரிமப் பணம் செலுத்தாது கிளிநொச்சியிலிருந்தும் ஒருவன் இத்தொழிலைச் செய்ய முடிகிறது!

அந்த 1991ஆம் ஆண்டிலே வன்னியின் நிலை யாது? ஆனையிறவிற் பெரும்போர் நிகழ்ந்த ஆண்டு அது. வீடுகளில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்தது. ஜாம் போத்தலினுள்ளே பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். உலகம் வலையாற் பின்னப்படத் தொடங்கிய காலத்திலே வன்னி உலகிலிருந்து அறுக்கப்பட்டிருந்தது.

2022இன் பொருளாதார நெருக்கடியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடெங்கும் மின் தடைப்பட்ட நாட்களில், அவன் தலையிற் கைவைத்து அமர்ந்திருந்தான். தாய் சிரித்தாள்.

“உங்களுக்குத்தான் மோனை இது புதிசு. கரண்ட் இல்லாமல் நாங்கள் இருவது வருசம் இருந்தனாங்கள்.”

அவ்வேளையில் அவன் சிந்தை அந்தப் போத்தல் விளக்கின்பாற் சென்றது. அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிவன. பழுதுற்றால் பத்து வயதுச் சிறுவனும் திருத்துவான். அவனுடைய கருவிகளோ, உள்ளே நடப்பது யாதென அதனைப் பயன்படுத்துவோனே அறியாதவை. எனினும் வறுமையைப் போற்றுவது பேதைமை என்பதையும் அவன் அறிவான். அவ்விளக்கு இல்லாமையிற் பிறந்தது. அதன் புகை பல கண்களை வருத்தியது. அதனிடமிருந்து கொள்ளத்தக்கது எளிமை ஒன்றே. 2018 திசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளைப் பகுதி வெள்ளத்தில் அமிழ்ந்தது. அத்தகைய இரவொன்றில் ஒரு குடும்பத்துக்கு வேண்டுவது, எத்தனை கதவு திறந்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்னும் இரு வரிகளே. அசையும் படங்களாற் கனத்த பக்கம் நலிந்த அலைவரிசையிலே திறவாது நிற்க, வெறும் எழுத்துப் பக்கம் நொடியில் வந்து சேரும். அழகு என்பது யாருக்காக என்ற வினாவை அவன் அன்றுமுதல் ஒவ்வொரு பக்கத்திடமும் கேட்கலானான்.

மொழியின்பாற்பட்ட இடரொன்றும் உண்டு. ஊர்ச் சங்கமொன்று தன் பழைய அறிக்கைகளை இணையத்தில் ஏற்றுமாறு அவனிடம் தந்தது. அவை யாவும் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்ணிடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. கணினியின் அறிவுக்கு அவை ஆங்கில எழுத்துகளே. கண்ணுக்கு மட்டுமே தமிழ். அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் ‘அம்மா’ என்ற சொல்லும் பொருளற்ற குறிக்குவியலாய்த் தோன்றும், தேடுபொறிக்கும் அகப்படாது. 1991இல் வெளிவந்த யுனிக்கோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது நம்மவர் மேசைக்கு வந்துசேர ஓராண்டா இரண்டாண்டா சென்றது? ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் எழுதிய அளவிறந்த பக்கங்கள் இடைக்காலத்திலே பழைய குறிமுறைகளிற் சிறைப்பட்டன. புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் போன்றோர் ஆக்கிய எழுத்துரு மாற்றிகள் அச்சிறையின் திறவுகோல்களாயின. சங்கத்தின் அறிக்கைகளை அவன் மாற்றி முடித்த மாலையில், கிணறு வெட்டியவர்களின் பெயர்ப்பட்டியலொன்று திரையில் வாசிக்கத்தக்க தமிழாய் எழுந்தது. அப்பெயர்களுட் பலர் இன்று இல்லை.

எழுத்தாசையும் அவனுக்கு உண்டு. தமிழ் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டளவில் முளைத்து, 2004இல் தமிழ்மணம் என்னும் திரட்டி தோன்றியபின் செழித்தன. 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து வந்த அக்காலத்திலே ஈழத்து எழுத்தாளரும் மாணவரும் பத்திரிகை ஆசிரியரின் அனுமதியை வேண்டாது தம் ஊரையும் உணவையும் கவிதையையும் பற்றி எழுதினர். அயல்நாட்டிலிருந்து மறுமொழி வந்தது. பின்னர் முகநூல் வந்து யாவரையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அங்கே எழுத்து ஆற்றுநீர் போன்றது. விரைந்து வரும், விரைந்து போகும், சென்ற ஆண்டு எழுதியதைத் தேடின் அகப்படுவது அரிது. அவனுடைய வலைப்பதிவுக்கு வாசகர் பதின்மரேனும் இரார். ஆயினும் வரவு மரத்தை இன்னின்ன விதமாய் அறிவர், பாலைப்பழம் எம்மாதத்திற் பழுக்கும் எனத் தந்தையிடம் கேட்டறிந்தவற்றை அவன் அதிலே எழுதி வருகிறான்.

ஒருநாள் தாய் அருகில் வந்தமர்ந்து திரையைப் பார்த்தாள்.

“படமெல்லாம் உதுக்குள்ள இருக்கெண்டு சொல்லுறாய். உது எங்க மோனை கிடக்கு?”

“சிங்கப்பூரிலை ஒரு கட்டடத்துக்குள்ளை, அம்மா.”

“எங்கடை கட்டடமே?”

“இல்லை, வாடகை.”

“வாடகை குடுக்காட்டில்?”

அவனிடம் மறுமொழி இல்லை. அவளது வினா வெறும் அறியாமையிற் பிறந்ததன்று. 2009இன் தொடக்கத்திலே, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோர் ஊராய்ப் பெயர்ந்த வழியில், திருமணப் படத் தொகுதியை இரும்புப் பெட்டியிலிட்டு நிலத்திற் புதைத்துவிட்டு நடந்தவள் அவள். செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்டு சென்று தோண்டியபோது பெட்டியும் இல்லை. அடையாளத்துக்கு வைத்த மரமும் இல்லை. மே மாதத்திற் போர் முடிந்த அவ்வாண்டின் ஒக்ரோபரிலேயே, உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் தம் முதல் வலைப்பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளம் அமெரிக்காவில் மூடப்பட்டது. மக்கள் பட்ட துயரும் ஒரு வணிக நிறுவனத்தின் முடிவும் ஒருதட்டில் வைத்து எண்ணத்தக்கன அல்ல. ஆனால் பிறர் காவலில் விட்ட நினைவு பிறர் விருப்பின்படியே வாழும் என்னும் உண்மை இரண்டிலும் உண்டு. தளப்பெயர் என்பது உடைமையன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய குத்தகை. எழுதியவர் இறந்தோ மறந்தோ போயின் பக்கமும் அவரோடு போய்விடும்.

நூலை இழத்தல் ஈழத்தமிழர் அறியாததொன்றன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் ஒரே படியாக வைத்ததன் ஆபத்தை அத்தீ உணர்த்தியது. 2005இலே தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர் தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி எவரும் படிக்க வைத்தமை அப்பாடத்தைக் கற்றதன் விளைவெனலாம். பெருஞ்செல்வமன்று, பலர் சிறிது சிறிதாய்ச் செய்த உழைப்பே அதனை வளர்த்தது.

தாயின் வினாவுக்கு அவன் சொல்லாற் கூறாத விடையைச் செயலாற் கூறலானான். வலைப்பதிவுக் கட்டுரைகளை எக்கருவியாலும் திறக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்புகளாக மாற்றினான். ஒரு படியை வட்டிலும், மற்றொன்றை ரொறன்ரோவிலுள்ள சிறியதாயிடமும் வைத்தான். சங்கத்தின் அறிக்கைகளைத் தாளில் அச்சிட்டு இரு பிரதிகள் கட்டினான். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று பள்ளிக்கூட நூலகத்துக்கு. மின்படியை எண்ணிம நூலகத்துக்கு அனுப்பினான்.

“இனி வாடகை குடுக்காட்டிலும் இருக்கும் அம்மா” என்றான்.

“தாள் நனையும் மோனை. உயரமான இடத்திலை வையுங்கோ எண்டு அவையிட்டைச் சொல்லு” என்றாள் அவள்.

புதுமையின் பின்னே ஓடும் தொழிலில் இருப்பவனுக்குப் பழமையைக் காக்கும் பொறுப்பும் உண்டு என்பது முரண்போல் தோன்றலாம். ஆயின் கருவியின் பயன், அதனைச் செய்தோர் காலத்தோடு முடிவதன்று. அதனால் விளைந்தது அடுத்த தலைமுறையின் கைக்குச் சென்றடைவதிலேயே முழுமை பெறுகிறது. காடு வெட்டியோர் வயலை விட்டுச் சென்றனர். வலை பின்னுவோர் எதனை விட்டுச் செல்வர் என்பது, இன்று அவர்கள் எத்தனை படிகளை எத்தனை இடங்களில் வைக்கின்றனர் என்பதைப் பொறுத்ததாகும்.