உச்சிவேளை விருந்தாளிகள்

எங்கள் பாட்டி வீட்டில் கடிகாரம் கிடையாது. திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்திலேயே குடியிருந்தவளுக்குக் கடிகாரம் எதற்கு? வேதகிரீசுவரர் மலைக்கு மேலே இரண்டு வெள்ளைப் பறவைகள் வட்டமிட்டால் மணி பன்னிரண்டு. உடனே உலையை இறக்கிச் சோற்றை வடித்துவிடுவாள்.

1970-களின் தொடக்கத்தில், எட்டு வயதுப் பையனாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி அந்தப் பறவைகளின் விருந்தைப் பார்த்திருக்கிறேன். பாறையின் மேல் பூசகர் சர்க்கரைப் பொங்கலுடன் அமர்ந்திருப்பார். வெள்ளை உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அவ்விரண்டும் வந்து இறங்கும். நடையில் அவசரமே இராது. கல்யாண வீட்டுக்குச் சம்பந்தி வருவது போல வரும். உண்டு முடித்து, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடும். கூடியிருந்த ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். காலையில் காசியில் கங்கா ஸ்நானம், நடுப்பகலில் இங்கே போஜனம், பிறகு ராமேசுவரத்தில் தரிசனம் என்று காலம் கழிக்கும் முனிவர்கள் அவர்கள் என்பது ஊரின் நம்பிக்கை. ஊருக்கே பட்சி தீர்த்தம் என்று ஒரு பெயர் உண்டு.

அந்த விருந்து 1990-களின் இறுதியோடு நின்றுபோயிற்று. பொங்கல் காத்திருந்தது, விருந்தாளிகள் வரவில்லை. கலி முற்றிவிட்டது என்றார் ஒருவர். பஸ்களின் இரைச்சல்தான் காரணம் என்றார் மற்றொருவர். பாட்டி அப்போது உயிரோடு இல்லை. அதுவும் ஒரு பாக்கியந்தான்.

கழுகு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டாலும், இவற்றுக்குத் தமிழில் பாறு என்ற தனிப் பெயர் சங்க காலத்திலிருந்தே உண்டு. இரையை வேட்டையாடும் கழுகு வேறு. இறந்த பிராணிகளை நம்பி வாழும் பாறு வேறு. பெரும் பாறுகள் ஒரு கூட்டமாக இறங்கினால் இறந்த மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும். நோய்க் கிருமிகள் அவற்றின் வயிற்றிலேயே மாண்டுபோகும். சம்பளமும் பென்ஷனும் கேட்காத சுகாதார இலாகா என்று அவற்றைச் சொல்லலாம். இந்த இலாகா மூடப்பட்டபோது என்ன ஆயிற்று? அழுகிய உடல்களைத் தின்று தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இதனால் இந்தியாவில் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2024-ல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாறுகள் மறைவதை முதலில் கண்டுகொண்டவர் எவ்விதம் கண்டுகொண்டார் என்பதே இங்கே கவனிக்கத் தக்க விஷயம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், ராஜஸ்தானத்துப் பரத்பூர் சரணாலயத்தில் 1980-களில் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களின் பிற்பகுதியில் மறுபடியும் எண்ணியபோது கூடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. எஞ்சிய பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிளைகளில் உட்கார்ந்திருந்தன. முன்பு எண்ணி வைத்திருந்ததனால்தான் குறைந்தது தெரிந்தது! வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் ஆயிரத்துக்கு 999 என்ற வீதத்தில் அழிந்துவிட்டதாகப் பிறகு தெரியவந்தது.

காரணம் 2004-ல் வெளியாயிற்று. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்து ஆராய்ந்த லிண்ட்ஸே ஓக்ஸ் குழுவினர், டைக்ளோபெனாக் என்ற வலி நிவாரணியே விஷம் என்று நிரூபித்தார்கள். மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டு, சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதைப் பாறு உண்டால், பாறின் சிறுநீரகம் கெட்டுவிடும். உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை உப்புப் படியும். இவ்வளவு பெரிய நாசத்துக்கு, இறந்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே போதுமாம்.

இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரியும்.

1996-ல் எங்கள் வீட்டுப் பசு லக்ஷ்மி கன்று போட்ட பிறகு கால் வீங்கிப் படுத்துவிட்டது. அது முனகுவதைக் கேட்கப் பொறுக்காமல், ஊசி போடுகிறவரை நானே சைக்கிளில் போய் அழைத்து வந்தேன். இரண்டு நாள் ஊசி போட்டார். அட்டைப் பெட்டியில் இருந்த பெயரை வாசித்து, "என் முழங்கால் வலிக்கு நான் சாப்பிடுகிற மாத்திரையும் இதுதானே!" என்று சிரித்தேன். மூன்றாம் நாள் லக்ஷ்மி இறந்துவிட்டது. தோல் வியாபாரியின் ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போய், தோலை உரித்துவிட்டு, உடலை ஏரிக்கரைப் பொட்டலில் போட்டார்கள். காக்கைகள் வந்தன, நாய்கள் வந்தன. மலையிலிருந்து வெள்ளைப் பறவை வந்ததா? எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. மலை முனிவர்கள் வராமற்போனதற்கு எங்கள் பசுதான் காரணம் என்று சொல்ல ஒரு சான்றும் கிடையாது. இல்லை என்று சொல்லவும் சான்று கிடையாது.

அந்த உறுத்தலோடுதான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், நீலகிரிக்கு வடக்கேயுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனேன். தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முக்கியமான இடம் அது. வனத்துறையின் அனுமதியுடன், இருளர் குலத்தைச் சேர்ந்த காவலர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். ஆற்றோரத்து நீர்மருத மரம் ஒன்றுக்கு வெகு தூரத்திலேயே கையமர்த்தி நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேலே போக வேண்டாம் ஐயா. தாய் எழுந்து போயிட்டா, குஞ்சு வெயில்லே வாடிப் போயிடும்."

தொலைநோக்கி வழியே பார்த்தேன். எச்சம் பட்டு வெளுத்த கிளைகளுக்கு நடுவே, சுள்ளிக் கூட்டில், தாய்ப் பறவையின் நிழலில் சாம்பல் நிறக் குஞ்சு ஒன்று தலையைத் தூக்கிற்று. வருஷத்துக்கு ஒரே முட்டை. சுமார் ஐம்பது நாள் அடைகாப்பு. பிறகு பறக்கும் வரையில் மாதக்கணக்கில் காவல். ஒரு கூடு தவறினால் அந்த வருஷமே தவறியது போலத்தான்.

காவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மரத்தின் எண், தேதி, நேரம், பெரிய பறவை இருக்கிறதா, குஞ்சு தெரிகிறதா, மரத்தடி எச்சம் புதிதா பழையதா என்று வரிசையாக எழுதினார். அடுத்த மரத்தில் கூடு காலியாக இருந்தது. அங்கும் நின்று அதே நிதானத்துடன் எழுதினார்.

"ஒன்றுமில்லாததற்கு எதற்கு அப்பா எழுத்து?" என்று கேட்டேன்.

"இல்லைங்கறதையும் எழுதி வச்சாத்தானே ஐயா, அடுத்த வருஷம் வந்தா வந்ததுன்னு தெரியும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் தினந்தோறும் பார்த்தோம், கும்பிட்டோம். வேறு எங்கே எத்தனை இருக்கின்றன, அவை எங்கே கூடு கட்டுகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்திக்கு ஒரு குறையும் இல்லை, கவனத்துக்குத்தான் பஞ்சம்.

இப்படி எழுதி வைப்பவர்களின் உழைப்பினால்தான் இன்று கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பறவைக்கு மாகாண எல்லை தெரியாது. இங்கே எண்ணியது அங்கேயும் எண்ணப்பட்டுவிடும். ஆகவே தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின. 2023 பிப்ரவரியில் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. வேறுபாடு முழுவதும் புதிதாய்ப் பிறந்தவை என்று மகிழ்ந்துவிட முடியாது; வருஷத்துக்கு ஒரு முட்டையிடும் பறவை அவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆயினும் இவ்வளவேனும் இருக்கின்றன என்பது ஆறுதல்.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கால்நடைகளுக்கான டைக்ளோபெனாக் 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான மருந்தைப் பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போடும் தந்திரத்தைத் தடுக்க, 2015-ல் குப்பியின் அளவு குறைக்கப்பட்டது. கீட்டோபுரோபென், அசிக்ளோபெனாக் இரண்டும் 2023-லும், நிமிசுலைடு 2024 இறுதியிலும் கால்நடைகளுக்குத் தடையாயின. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் தொழுவத்தில் நின்று சட்டம் காவல் காக்குமா? அது மாடு வைத்திருப்பவரின் பொறுப்பு. ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மாட்டைக் கொன்ற புலியைப் பழி வாங்க அந்த மாட்டின் உடலில் விஷம் வைக்கும் வழக்கத்தைக் கண்டால் தடுங்கள். அந்த விஷம் முதலில் பாறுக்குத்தான் போய்ச் சேருகிறது.

மாயாற்றிலிருந்து திரும்பியதும் ஒரு நாள் மலையேறினேன். முழங்கால் பழைய கதையைச் சொல்லிற்று. உச்சிவேளையில் பாறை காலியாக இருந்தது. பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "திருக்கழுக்குன்றம்; பகல் 12 மணி; பாறு இல்லை" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை போய் எழுதி வருகிறேன். என்றேனும் ஒரு நாள் வேறு விதமாக எழுத நேர்ந்தால், நேயர்களுக்குத்தான் முதலில் தெரிவிப்பேன்.